சிவப்பு மருந்தில் அழிந்த ‘அவள்’

என் பெறாமகள், அதாவது தங்கையின் மகள், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தையில் தங்கை வீட்டு யன்னல்கள் கடற்காற்றுக்குப் பயந்து எப்போதும் சாத்தியே இருக்கும். அதனால் அந்த மணம் அறை முழுக்க நிறைந்து நின்றது. மூக்கைப் பொத்த வேண்டிய நான் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டேன்.

“என்ன பெரியம்மா, உங்களுக்கும் பூசிவிடவோ?”

“இந்த வயசிலை எனக்கு உதுதான் குறை. நீ பூசு, நான் மணக்கிறன்.”

அவள் கதை எழுதுகிறவள். நகம் காயும்வரை வேறு ஒன்றும் செய்ய முடியாதல்லவா, பேச்சுக் கொடுத்தாள். “பெரியம்மா, ஒரு கதையை ‘நான்’ எண்டு சொல்லுறது நல்லதோ, ‘அவள்’ எண்டு சொல்லுறது நல்லதோ?”

நீங்கள் நம்பமாட்டீர்கள். இதே மணத்துக்கு நடுவில் இதே கேள்வியோடு நான் முன்பும் ஒருநாள் இருந்திருக்கிறேன். அப்போது என் கையில் இருந்ததும் சிவப்பாக ஒரு சின்னப் போத்தல்தான். மூடியோடு தூரிகையும் இருந்தது. நகத்துக்கு அல்ல, ஸ்டென்சிலுக்கு.

ஸ்டென்சில் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். மெழுகு பூசிய மெல்லிய தாள். தட்டச்சு யந்திரத்தில் மாட்டித் தட்டினால் எழுத்து அதில் வெட்டுப்படும். பிறகு றோணியோ யந்திரத்தில் சுற்றி, கைபிடியைச் சுழற்றச் சுழற்ற, மை அந்த வெட்டுகளால் கசிந்து தாளில் விழும். பிழையாகத் தட்டிவிட்டால் அந்த இடத்தில் சிவப்பு மருந்தைப் பூசி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் திரும்பத் தட்ட வேண்டும். அந்த மருந்தின் மணமும் நகச்சாயத்தின் மணமும் ஒன்றேதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குக் கிட்ட இருந்த ஒரு ரியூட்டறியில், அதாவது தனியார் வகுப்பு நடக்கும் இடத்தில், வினாத்தாள் தட்டுவது என் வேலை. நான் கனக்கப் பிழை விடுகிறவள். ஆகவே நாள் முழுக்க அந்த மணத்தோடுதான் கிடந்தேன்.

யுத்தத்தால் மின்சாரம் இல்லாத வருடங்கள் அவை. தட்டச்சுக்கும் றோணியோவுக்கும் மின்சாரம் தேவையில்லை என்பதால் எங்கள் காட்டில் மழை. மாலையில் ரியூட்டறி விட்டபின் அதே யந்திரங்களில் ஒரு சிறு சஞ்சிகை அடித்தோம். பள்ளிக்கூடக் கொப்பியின் கோடு போட்ட தாளில்தான் அச்சு. எழுத்து ஒரு வரியிலும் கோடு வேறு வரியிலும் ஓடும். வாசிக்கிறவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வாசிக்க ஏதாவது கிடைத்தால் காணும் என்று சனம் இருந்த காலம்.

நடத்தியவர் செல்வராசா அண்ணை. எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். முப்பத்தைந்து வயதிருக்கும். சீனியும் மண்ணெண்ணெயும் வாங்க வருகிறவர்களுக்குக் கூப்பன் வெட்டிக் கொடுக்கும்போதே சஞ்சிகையையும் நீட்டிவிடுவார். மறுத்தால் சீனி குறைந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாரும் வாங்கினார்கள் என்பது என் அபிப்பிராயம். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

எங்கள் வாசகர்களிடம் ஒரு குணம் இருந்தது. ‘நான்’ என்று எழுதினால் அது எழுதினவர்தான். இரண்டாவது பேச்சே இல்லை. என் முதல் கதையில் முட்டு வருத்தக்காரி, மூச்சிழுப்பு உள்ள ஒருத்தியை ‘நான்’ என்று எழுதியிருந்தேன். கதைக்கு ஓர் இரக்கம் வரட்டும் என்று சேர்த்த வருத்தம் அது. கதை வெளிவந்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டு அன்னம்மாக்கா வேலிக்கு மேலால் ஒரு பிடி தூதுவளையை நீட்டினார். “ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் மறைச்சனி? ரசம் வைச்சுக் குடி, கேக்கும்.” “அக்கா, எனக்கு முட்டு இல்லை, கதையிலைதான்” என்றேன். “ஓம் ஓம், வெக்கப்படாதை” என்றார். அம்மா அன்றைக்கே ரசம் வைத்தா. நானும் குடித்தேன். என்ன செய்வது, சுடச்சுட நன்றாகத்தான் இருந்தது.

சரி, ‘அவன்’, ‘அவள்’ என்று எழுதினால் தப்பலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது. ‘நான்’ என்றால் உங்களில் இரக்கப்படுவார்கள். ‘அவள்’ என்றால் “ஆரைப் பற்றி எழுதினனி?” என்று ஊர் முழுக்க ஆள் தேடுவார்கள். செல்வராசா அண்ணை நிறுவையில் கள்ளம் செய்யும் கடைக்காரன் ஒருவனைப் பற்றி ‘அவன்’ என்று எழுதிவிட்டு, பக்கத்து ஊர் மனேஜர் தன்னோடு கதைப்பதில்லை என்று கனநாள் கவலைப்பட்டார்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் இந்த வித்தை தெரிந்துதான் இருந்தது. என் அம்மா குசினிக்குள் நின்று, “இஞ்சை ஒருத்தி விடியத் துவக்கம் மாயுறாள், ஆரும் பாக்கிறியளோ?” என்று கத்துவா. அந்த ஒருத்தி அம்மாதான். ‘நான் களைத்துப்போனேன்’ என்று அம்மா தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. தன் கஷ்டத்தைச் சொல்லும்போது ஏன் ஆட்கள் இப்படித் தங்களைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று சொல்கிறார்கள்? அப்போதும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன்.

வசந்தியும் நானும் ஒரே ஊர், ஒரே ரியூட்டறி. அவள் கணிதம் படிப்பித்தாள். காலையில் மானிப்பாயால் சுற்றிச் சைக்கிளில் சேர்ந்துதான் போவோம். புகையிலைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிறவர்கள் எங்களைக் கண்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள். என்னை அல்ல, அவளை. அவள் கணவர் சிவம், தரைப்பாதை பூட்டியிருந்த அந்நாளில் கிளாலிக் கடலால் படகேறிப் போனவர், திரும்பி வரவில்லை. தாயின் கண்ணாடி உடைந்துபோயிருந்தது. கண்ணுக்கு விடுகிற மருந்தும் யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை. “வவுனியாவிலை எல்லாம் கிடைக்குமாம், வாங்கிக்கொண்டு ஓடியாறன்” என்று புறப்பட்டவர். அக்கரையில் இறங்கினதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அந்தப் படகு அக்கரைக்குப் போகவேயில்லை என்று இன்னொருவர் சொன்னார். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அவள் மாமியோடு இருந்தாள். மாமி, ‘மகன் வருவான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். மகனின் சைக்கிள் முன்விறாந்தையில் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் முழுகிவிட்டு வந்து, அந்தச் சைக்கிளின் இரண்டு ரயருக்கும் மாமி காற்றடிப்பார். ரயர் கிடைக்காத அந்த நாளில் எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டார்கள். “அவன் வந்து எதிலை ஓடுறது?” என்று கேட்டு அனுப்பிவிடுவார். மருமகள் பொட்டு வைத்தாளா என்று மங்கிய கண்ணால் காலையில் உற்றுப் பார்ப்பதும் அவர்தான். ஊரும் பார்த்தது. வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை.

இதைத்தான் வசந்தி கதையாக எழுதினாள். கணிதக்காரியின் எழுத்து, வளவள என்று இருக்காது. கணவன் போன காலையில் இருந்து, மனைவி இனிக் காத்திருப்பதில்லை என்று தனக்குள் முடிவெடுக்கும் நாள்வரை. நானும் செல்வராசா அண்ணையும் வாசித்தோம். பிறகு நான் பேசினேன். அந்த வயதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கவில்லை பாருங்கள். ‘அவள்’ என்று சொன்னால் கதைக்குத் தூரம் கிடைக்கும், தூரம் கிடைத்தால் தெளிவு வரும் என்றெல்லாம் விளாசித் தள்ளினேன். உண்மையான காரணம் எனக்குள் இருந்த பயம். அன்னம்மாக்காவின் தூதுவளை ஞாபகத்தில் இருந்தது. வசந்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி, அவள் எண்டே தட்டு” என்றாள்.

தட்டி முடித்து ஸ்டென்சிலை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினேன். அவள் முதல் வரியில் இருந்து கடைசி வரைக்கும் வாசித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா உது என்ரை கதை இல்லை.”

“உன்ரை கதை இல்லையெண்டு சனம் நினைக்கத்தானேயடி இவ்வளவு பாடும்!”

“ஊர் முழுக்க என்னை ‘அவள்’ எண்டுதான் கதைக்குது. அவள் பொட்டு வைக்கிறாள், அவள் சிரிக்கிறாள், அவள் வேலைக்குப் போறாள். நான் எழுதின கதையிலையாவது என்னை ‘நான்’ எண்டு சொல்ல விடு.”

செல்வராசா அண்ணை தலையைச் சொறிந்தார். “தங்கச்சி, மாமி இருக்கிறா. சனம் இருக்கு. யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?”

“ஒன்றரை வரியம் யோசிச்சிட்டன் அண்ணை.”

வேறு ஸ்டென்சில் இல்லை. இருந்த சிவப்பு மருந்தை எடுத்து, ஒவ்வொரு ‘அவள்’ மேலும் பூசினேன். தமிழில் ஆளை மாற்றினால் வசனத்தின் வாலையும் மாற்ற வேண்டும். பூசுவது, ஊதுவது, தட்டுவது. வசந்தியும் பக்கத்தில் இருந்து ஊதினாள். அறை முழுக்க அந்த மணம். எனக்குத் தலையிடி வந்துவிட்டது. ஆனால் ஓர் ஆச்சரியம் நடந்தது. ‘அவள் அவரை மறித்திருக்க வேண்டும்’ என்று தட்டும்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ‘நான் அவரை மறித்திருக்க வேண்டும்’ என்று தட்டியபோது விரல் நின்றுவிட்டது. அதே வாசல் படலை, அதே காலை, அதே மனிதர். இரண்டு எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை சங்கக்கடையில் சீனி கொடுத்தார்கள். சஞ்சிகையும் போனது.

ஞாயிறு காலையில் நான் வசந்தி வீட்டில் இருந்தேன். கதையைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று அறியும் ஆவல்தான், வேறென்ன. படலை திறந்தது. முதலில் அன்னம்மாக்கா, பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள். அன்னம்மாக்காவின் கையில் சுடுதண்ணிப் போத்தல், அதுதான் பிளாஸ்க். பாராட்டத்தான் வருகிறார்கள் என்று எனக்கு மூச்சுமுட்டச் சந்தோசம். வசந்தி ஓடிப்போய்ப் பாய் விரித்தாள்.

இருந்தார்கள். பேசவில்லை. ஒருத்தி வசந்தியின் கையைப் பிடித்துத் தடவினாள். இன்னொருத்தி மூக்கை உறிஞ்சினாள். வசந்தி, “தேத்தண்ணி போடட்டே?” என்று கேட்டாள். “வேண்டாம் பிள்ளை, நீ அடுப்பு மூட்டாதை. நாங்கள் கொண்டு வந்தனாங்கள்” என்றார் அன்னம்மாக்கா. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கதையை அவ்வளவு அனுபவித்து வாசித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மண்டையில் ஒன்றும் இல்லாமல்தான் இவ்வளவு விளக்கமும் கொடுத்திருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எழும்பினார்கள். எழும்பி, ஒரு சொல்லும் சொல்லாமல், படலையைப் பார்த்து நடந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் “போட்டு வாறன்”, அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லாமல் ஒருவரும் வெளிக்கிடமாட்டார்கள். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்வதில்லை. அங்கிருந்து சொல்லாமல் எழும்பிப் போக வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதும் இல்லை, அயலவர்கள்தான் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவார்கள். சிவம் இறந்த செய்தி வந்துவிட்டது, அதைத்தான் மருமகள் எழுதியிருக்கிறாள் என்று சனம் முடிவுகட்டியிருந்தது.

முதலில் விளங்கியது மாமிக்கு. பாயில் இருந்தவர்கள் யார் யார் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் சொல்லாமல் போனது காதில் விழாமல் போகுமா? குந்தியிருந்தவர் எழும்பி, கையால் துழாவிக்கொண்டு படலைவரை நடந்தார்.

“நில்லுங்கோ! ஏன் சொல்லாமல் போறியள்?”

எல்லாரும் ஒழுங்கையில் நின்றார்கள்.

“இஞ்சை ஆர் செத்தது? சொல்லிப்போட்டுப் போங்கோ. ஒவ்வொருத்தரும் சொல்லுங்கோ!”

அன்னம்மாக்காதான் முதலில் திரும்பி வந்தார். “போட்டு வாறன் மாமி.” பிறகு மற்றவர்கள். பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பேர் கூப்பிடுவதுபோல் ஒவ்வொருத்தராய் முன்னுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, “போட்டு வாறன்”, “போட்டு வாறன்” என்று சொல்லிப் போனார்கள். கடைசி ஆள் சொன்னபின்தான் மாமி படலையைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வசந்தி தூணைப் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றாள்.

மாமி வந்து கதிரையில் இருந்தார். வசந்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“என்ன எழுதியிருக்கிறாள்? எனக்குக் கண் தெரியாது. நீ வாசி.”

சஞ்சிகையைக் கையில் எடுத்தேன். வாசிக்கத் தொடங்கும்போது எனக்குள் இருந்த கெட்டிக்காரி விழித்துக்கொண்டாள். கண் தெரியாதவர்தானே என்று, ‘நான்’ வந்த இடமெல்லாம் ‘அவள்’ என்று மாற்றி வாசித்தேன். இரண்டு வசனம்கூடப் போகவில்லை.

“ஆர் உந்த அவள்?”

“கதையிலை வாற பொம்பிளை, மாமி.”

“உள்ளதை உள்ளபடி வாசி பிள்ளை.”

வாசித்தேன். அதற்குமுன் நான் அறிந்திராத ஒன்றை அன்று அறிந்தேன். சத்தம் போட்டு வாசித்தால், அந்த ‘நான்’ வாசிக்கிறவளின் வாய்க்கு வந்துவிடுகிறது. கலியாணமே கட்டாத நான், இன்னொருத்தியின் கணவரை, அவர் தாய்க்கு முன்னால், அவர் மனைவி கேட்டுக்கொண்டிருக்க, படலைவரை அனுப்பிவிட்டு வந்தேன். ‘அன்று படலையில் நான் அவரை மறித்திருக்க வேண்டும்’ என்று வாசித்தேன். ‘அவர் இனி வரமாட்டார். நான் இனிக் காத்திருக்கமாட்டேன்’ என்ற கடைசி வரியையும் என் வாயால் சொன்னேன்.

மாமி சத்தம் போடப்போகிறார், வசந்தியை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“அந்த மறிக்கிற இடத்தைத் திருப்பி வாசி.”

வாசித்தேன்.

“உது என்ரை வசனம்” என்றார் மாமி. “மறிச்சிருக்க வேண்டியது இவளில்லை, நான். என்ரை கண்ணுக்கு எண்டுதானே போனவன். நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லேல்லை. இவள் எப்பிடி அறிஞ்சவள்?”

வசந்தி வந்து மாமியின் காலடியில் இருந்தாள். இருவரும் அழுதார்கள். நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. ஆனாலும் நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி வழமைபோல் அந்தச் சைக்கிளுக்குக் காற்றடித்தார். அடித்துவிட்டு, “உன்ரை ரயர் தேஞ்சுபோச்சு, இனி இதிலை போ. நிண்டால் பழுதாப்போம்” என்று வசந்தியிடம் சொன்னார். வருவான் என்றும் சொல்லவில்லை, வரமாட்டான் என்றும் சொல்லவில்லை. பொட்டைப் பற்றிய பார்வையும் அதோடு நின்றது. வசந்தி தனக்கு வேண்டிய நாளில் வைத்தாள், மற்ற நாளில் விட்டாள்.

அந்தக் கதையின் ‘நான்’ யார்? எழுதியவள் வசந்தி. தட்டியவள் நான். தன் வசனம் என்று கேட்டு எடுத்துக்கொண்டவர் மாமி. ‘அவள்’ என்று விட்டிருந்தால் மூன்று பேரும் வெளியே நின்று யாரோ ஒருத்தியைப் பார்த்திருப்போம் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லமாட்டேன். ஒருமுறை விளக்கம் கொடுத்துப் பட்டது போதும்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, மாமியை அந்தச் சைக்கிளின் கரியரில் இருத்தித்தான் வசந்தி தள்ளிக்கொண்டு போனாள். நாவற்குழிப் பாலத்தில் மழையும் சனமும். ரியூட்டறியின் தட்டச்சும் றோணியோவும் இருந்த இடத்திலேயே நின்றன. பிறகு போய்ப் பார்த்தபோது கூரையும் இல்லை. சஞ்சிகையின் ஒரு பிரதிகூட எங்கள் யாரிடமும் மிஞ்சவில்லை. வசந்தியின் கதையை இப்போது நான் இப்படி வாயால் சொன்னால்தான் உண்டு.

மாமி கொடிகாமத்தில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், காய்ச்சல் கண்டு கண்ணை மூடிவிட்டார். எல்லாம் முடிந்து, முறைப்படி நான் சொல்லாமல் எழும்பி நடந்தேன். வசந்தி பின்னால் வந்து கையைப் பிடித்தாள். “என்ன நீ? மாமி கேட்டிருந்தால் விட்டிருப்பாவே?” என்றாள். திரும்பிப் போனேன். மாமி படுத்திருந்த வெறும் வாங்குப் பலகைக்கு முன்னால் நின்று, “போட்டு வாறன் மாமி” என்றேன். சனம் எங்களை விசர் பிடித்தவர்கள் என்று நினைத்திருக்கும்.

சிவம் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. வசந்தி கொடிகாமத்திலேயே இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கதை எழுதவில்லை. கேட்டால், “சொல்ல இருந்ததைச் சொல்லிப்போட்டன்” என்பாள்.

பெறாமகளின் நகம் இதற்குள் காய்ந்துவிட்டது. “அப்ப நான் ‘நான்’ எண்டே போடுறன் பெரியம்மா” என்று சொல்லிக்கொண்டு எழும்பினாள். பின்னேரமே தன் கதையைப் போனில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்டாள். வாசித்தேன். ‘நான்’ என்றுதான் எழுதியிருக்கிறாள், நன்றாகவே எழுதியிருக்கிறாள். கதையின் முடிவில் அந்த ‘நானின்’ அம்மா செத்துப்போகிறாள். அம்மாக்காரி, என் தங்கை, குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

கதைக்குக் கீழே இதயம் இதயமாக வந்து விழுந்தது. அருமை என்றார்கள், கண் கலங்கியது என்றார்கள். இதே கட்டடத்தில் இருக்கிறவர்களும் போட்டிருந்தார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் போட்டிருந்தாள். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. அது கதை என்று அவர்களுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த வாசகர்கள். ஆனாலும் நான் ஒருதரம் எழும்பிப்போய்க் கதவைத் திறந்து, மாடிப்படியில் யாராவது சுடுதண்ணிப் போத்தலோடு ஏறி வருகிறார்களா என்று பார்த்தேன்.